பேண்டு மாஸ்டரின் மாத வருமானம்

போன புதன்கிழமை பட்டப்பகலில் சைதாப்பேட்டை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒருவர் கிளாரினெட் வாசித்தார்.

வெளியே தெருவில் அல்ல. கோர்ட்டுக்குள்ளே. மாஜிஸ்திரேட் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. வாசித்தவர் எதிர்வாதி. வழக்கோ, குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டுத் தொடுத்தது.

நம்பமாட்டீர்கள் என்று தெரியும். என் மனைவியும் நம்பவில்லை. "கோர்ட்டுல வேலை இல்லேன்னா நேரா ஆத்துக்கு வந்துடுங்கோ. இப்படிக் கதை கட்டிண்டு வராதேங்கோ" என்று காபி டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது இந்தப் பத்திரிகையில் வாரா வாரம் என்னைப் பொறுத்துக்கொண்டு பழகியவர்கள்.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், மந்தைவெளியில் இருக்கும் என் வக்கீல் ஆபீஸ் அறைக்கு ஒரு பெண்மணி வந்தாள். பெயர் கன்னியம்மா. சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசைகளில் ஒன்றில் வாசம். மேற்கு மாம்பலத்தில் இரண்டு மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, ராணி. ஐந்து வயதுக் குழந்தையை இடுப்பிலா என்று கேட்காதீர்கள். இறக்கிவிட்டால் என் சட்டப் புத்தகங்களைக் கிழிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சாமி, எங்கூட்டுக்காரரு எட்டு மாசமா ஒரு தம்படி குடுக்கல. எனக்கு வாணாம். நா ஒழைச்சு துன்னுக்குவேன். இந்தப் புள்ளைக்கு யாரு குடுப்பா? ரேசன் அரிசி வாங்கக்கூட துட்டு இல்ல."

"உன் புருஷன் என்ன தொழில்?"

"பேண்டு செட்டு வச்சிருக்கறாரு. கிளாரினெட்டு வாசிப்பாரு. தங்கவேலு மாஸ்டருன்னா மயிலாப்பூரு, மாம்பலம் எல்லாம் தெரியும்."

எனக்கும் தெரியும். தியாகராய நகரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் நானே கேட்டிருக்கிறேன். சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், முறுக்கிய மீசை, உப்பிய கன்னம். ஊர்வலத்தில் மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"ஏன் பிரிந்தீர்கள்? குடியா? வேறு பெண்ணா?"

கன்னியம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி. ஒரு நாளு மத்தியானம் பாப்பா சொரத்துல தூங்கிக்கினு கீது. இவரு வூட்டுக்குள்ள குந்திக்கினு ஊதறாரு. 'யோவ், சாதகம் பண்ணணும்னா ஆத்தங்கரைக்குப் போய் ஊது, புள்ள தூங்குதுல்ல'ன்னு சொன்னேன். அவ்ளோதான். 'என் வாசிப்ப நீயே கேவலமா பேசறியா'ன்னுட்டு கிளாரினெட்டத் தூக்கிக்கினு கெளம்புனவருதான். இப்ப கடையிலயே குடியிருக்கறாரு. டிரம்மு மேல தலையணை போட்டுப் படுத்துக்கறாராம்."

இப்படி ஒரு பிரிவினையை நான் கேள்விப்பட்டதில்லை. நிலத்துக்காகப் பிரிவார்கள், நகைக்காகப் பிரிவார்கள்... ஆற்றங்கரைக்குப் போய் ஊது என்று சொன்னதற்காகவா? ஆனால் வித்வான்கள் விஷயத்தில் எதையும் சொல்ல முடியாது.

சட்டம் எளிமையானது. வசதியுள்ள தகப்பன் தன் குழந்தையைப் பராமரிக்காமல் விட்டால், மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். மனுவை எழுதினேன். போட்டேன். வெற்றி நிச்சயம் என்று மனதுக்குள் ஒரு சின்ன மேளம்கூடக் கொட்டியது.

"வசதியுள்ள" என்று சட்டத்தில் ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைத்தான் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

சம்பளக்காரன் என்றால் கவலையே இல்லை. ஆபீஸுக்கு ஒரு கடிதம் போட்டால் சம்பளம் பைசா சுத்தமாக வந்துவிடும். சொந்தத் தொழில்காரன்? அவனுடைய வருமானம், கேட்கிற ஆளைப் பொறுத்தது! பெண் கொடுக்க வருகிறவன் கேட்டால் ஒன்று. கைமாற்று கேட்டு வருகிறவனிடம் ஒன்று. வரி கேட்டு வருகிறவனிடம் வருமானமே இல்லை — கண்ணீர்தான்.

முதல் வாய்தாவுக்குத் தங்கவேலு வந்தார் பாருங்கள்... சிவப்புக் கோட்டு எங்கே? முறுக்கு மீசை எங்கே? தோளில் கிழிந்த ஒரு சட்டை. எண்ணெய் காணாத தலை. மீசை இரண்டு பக்கமும் துவண்டு, தூறலில் நனைந்த அணில் வால் போல் தொங்கியது. கையில் பச்சைத் துணிப் பையில் கிளாரினெட்.

அவருக்கு ஆஜரானவர் எங்கள் மயிலாப்பூர்ப் பெரிய வக்கீல் ஒருவர். சரிகைத் தலைப்பாகை. சீசனில் எந்தக் கச்சேரியையும் விடாத ரசிகர். தங்கவேலு இந்த வக்கீலுடைய தம்பி கல்யாணத்தில் இனாமாக வாசித்தாராம், அதற்குப் பதிலாக இவர் இனாமாக வாதாடுகிறார் என்று கோர்ட்டு வராந்தாவில் பேச்சு. இது சாட்சியம் ஆகாது. ஆனால் சுவையாக இருந்தது.

பெரிய வக்கீல் கேட்கக் கேட்கத் தங்கவேலு பதில் சொன்னார்.

பேண்டு தொழில் செத்துவிட்டது. யுத்தம் வந்ததிலிருந்து கல்யாணங்கள் சுருங்கிவிட்டன. இத்தனை பேருக்கு மேல் சாப்பாடு போடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவே இருக்கிறது. சாப்பிட ஆளில்லாத கல்யாணத்துக்குப் பேண்டு எதற்கு? போதாக்குறைக்குக் கிளாரினெட்டும் வெடித்துவிட்டது. பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நடுவில் நிஜமாகவே ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிக் கறுப்பு நூல்.

"ஊதினா வெறும் காத்துதாங்க வருது, எசமான்."

நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன்.

"சாப்பாட்டுக்குத்தானே கன்ட்ரோல்? சத்தத்துக்குக் கன்ட்ரோல் இல்லையே?"

"சோறு இல்லாத எடத்துல சத்தம் எங்கருந்துங்க வரும்?"

"அப்படியானால் எட்டு மாதமாக எதைச் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறீர்?"

"பச்சத் தண்ணிங்க."

"பச்சைத் தண்ணீர் குடித்தா இந்த வயிறு?"

தங்கவேலு தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். யாருடையதோ என்பதுபோல் பார்த்தார்.

"இது ஊதற வயிறுங்க. உள்ள காத்துதான் கீது."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அவர் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடிக்காரர், வார்த்தைகளைக்கூட ரேஷனில் செலவு செய்கிறவர். என்னைப் பார்த்துக் கேட்டார்: "எதிர்வாதிக்கு வருமானம் இருக்கிறது என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?"

என்னிடம் என்ன இருந்தது? நான் காதால் கேட்டது இருந்தது. ஆனால் வக்கீலே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல முடியுமா? வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த சில வாரங்கள் நான் பட்ட பாடு இருக்கிறதே! தங்கவேலு வாசித்த கல்யாண வீடுகளைத் தேடித் தேடிப் போனேன். தியாகராய நகரில் ஒரு பாத்திரக்கடைக்காரர். பெரிய மனிதர். உட்கார வைத்து மோர் கொடுத்தார். "ஆமாம் சார், தங்கவேலுதான் வாசிச்சான். என்ன வாசிப்பு! என்ன வாசிப்பு!" என்று கண்ணை மூடினார்.

"அதைக் கோர்ட்டில் வந்து சொல்லவேண்டும்."

கண்ணைத் திறந்தார்.

"கோர்ட்டுலயா? பேண்டுக்கு என்ன கொடுத்தேன்னு கேப்பாங்க. அப்புறம் பந்தலுக்கு என்னன்னு கேப்பாங்க. அப்புறம் எத்தனை இலை போட்டேன்னு கேப்பாங்க. நான் உள்ள போகணும், இல்லாட்டி வரி கட்டணும். மோர் இன்னும் கொஞ்சம் வேணுமா சார்?"

எல்லா வீட்டிலும் இதே கதை. அடையாறில் ஒரு பங்களாக்காரர், தன் வீட்டில் கல்யாணமே நடக்கவில்லை என்று சாதித்தார். வாசலில் வாழைமரம் இன்னும் வாடாமல் நிற்கிறது!

நான் குடித்த மோருக்கு அளவில்லை. கிடைத்த சாட்சி ஒன்றுமில்லை.

கன்னியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "நம் பக்கம் பலவீனமாக இருக்கிறது, அம்மா."

அவள் ராணியின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். அந்தக் குழந்தைக்கு மறுபடி ஒரு தரம் ஜுரம் வந்துபோயிருந்தது. கன்னம் ஒட்டிக் கிடந்தது. இப்போது புத்தகத்தைக் கிழிக்கக்கூட அது முயலவில்லை. எனக்கு அதுதான் என்னவோ செய்தது.

"இஸ்கோலுக்கு அனுப்பலாம்னு பாத்தேன் சாமி" என்றாள் கன்னியம்மா. 

இனி, அந்தப் புதன்கிழமை.

தங்கவேலு வந்தார். அதே கிழிந்த சட்டை. ஆனால் போன வாய்தாவைவிட ஆள் இரண்டு சுற்றுப் பருத்திருந்தார். கழுத்தையும் தோளையும் சுற்றி ஒரு துண்டு. வியர்வை அருவியாகக் கொட்டியது. மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் கொட்டியது.

மாஜிஸ்திரேட்டே கவனித்துவிட்டார். "ஏன் இப்படி வேர்க்கிறது?"

"பசிங்க, எசமான்."

பசித்தால் வேர்க்குமா? வைத்தியர்களைத்தான் கேட்கவேண்டும்.

பெரிய வக்கீல் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு தன் சாட்சியைக் கூப்பிட்டார். "காதர் மாஸ்டர்!"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காதர் மாஸ்டரும் பேண்டு செட்காரர். ராயப்பேட்டைவாசி. அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பேண்டு. அவருக்கும் தங்கவேலுவுக்கும் ஆகாது என்பது மயிலாப்பூர்த் தேர் வடத்துக்குக்கூடத் தெரியும். ஒரே தெருவில் இரண்டு ஊர்வலங்கள் எதிரெதிரே வந்துவிட்டால், இரண்டு பேரும் மாப்பிள்ளைகளை மறந்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்து ஊதுவார்கள். அப்படிப்பட்டவர் தங்கவேலுவுக்குச் சாட்சியா?

அப்புறம்தான் புரிந்தது. ஒருவனுக்குத் தொழிலே இல்லை என்று சொல்ல, போட்டிக்காரனைவிட நம்பகமான சாட்சி யார்? இரண்டு பேரும் எங்கேயோ பேசி ஏதோ ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். பெரிய வக்கீல் பெரிய வக்கீல்தான்!

காதர் மாஸ்டர் வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனையோடு கூண்டில் ஏறினார். சத்தியம் செய்தார்.

"தங்கவேலுவுக்குத் தொழில் எப்படி?" என்று பெரிய வக்கீல் கேட்டார்.

"தொழிலா? ஏது சார் தொழிலு? ஒருத்தரும் கூப்புடறது இல்ல. கடையில ஈ ஓட்டிக்கினு கீறாரு. நானே பாத்தேன்."

"அவ்வளவுதான்" என்று பெரிய வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கச்சிதமான வேலை.

நான் எழுந்தேன். கேட்க என்னிடம் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. ஆனால் கட்சிக்காரி பார்த்துக்கொண்டிருக்கும்போது, கேள்வியே கேட்காமல் உட்கார்ந்தால் நன்றாக இருக்காதே... வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"ஏன் அவரை யாரும் கூப்பிடுவதில்லை?"

காதர் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பல வருஷங்களாகக் காத்திருந்த கேள்வி அது. அதையும் சத்தியப் பிரமாணத்தின்பேரில், கோர்ட்டாரே எழுதிக்கொள்ள, பதில் சொல்லும்படி கேட்கிறார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏன்னா... வாசிக்கத் தெரியாது சார். அதான்."

தங்கவேலு லேசாக அசைந்தார்.

"விவரமாகச் சொல்லுங்கள்" என்றேன்.

"எண்ண போடாத கதவு கீதுல்ல? தொறந்தா 'கிரீச்'சுனு கத்துமே? அதுமாரி ஊதுவாரு."

குமாஸ்தா எழுதிக்கொண்டார்: எண்ணெய் போடாத கதவு.

"ஒரு கல்யாணத்துல இவரு ஊத ஆரம்பிச்சாரு, சாரட்டுக் குதுர மெரண்டு போய் அடையாத்துல எறங்கிடுச்சு. மாப்ளையோட."

"போதும் பாய்..." என்று தங்கவேலு பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "அவ்ளோ வாணாம்..."

"அவங்க நைனா வாசிச்சாரே, அது வாசிப்பு! இவரு? சாவு ஊர்வலத்துல இவரு ஊதினா, பொணம் எழுந்து குந்திக்கினு, 'நீங்க எல்லாம் வூட்டுக்குப் போங்க, நா நடந்தே போய்க்கறேன்'னு சொல்லும்!"

கோர்ட்டு குலுங்கியது. தங்கவேலுவின் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. பெரிய வக்கீல் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தி, "பொறு, பொறு, நமக்குச் சாதகம்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வெடித்தது.

"யோவ் பாய்! நிறுத்துய்யா!"

கன்னியம்மா எழுந்து நின்றுவிட்டாள். இடுப்பில் குழந்தை. கண்ணில் நெருப்பு.

"துட்டு குடுக்கலன்னு கேஸு போட்டேன். அது எனக்கும் அவருக்கும். அவரு வாசிப்பப் பத்திப் பேச நீ யாருய்யா? ஒனக்குச் செத்தாலும் அந்த மூச்சு வருமா? இந்தாளு வாசிச்சதக் கேட்டுத்தான் நா இவரக் கட்டிக்கினேன். வேற இன்னாத்துக்குக் கட்டிக்கினேன்? மூஞ்சியப் பாத்தா?"

டவாலி "சைலன்ஸ்! சைலன்ஸ்!" என்று கத்தினான். நான் பதறிப்போய் அவள் பக்கம் திரும்பி, "உட்கார் அம்மா, உட்கார்" என்று கெஞ்சினேன். என் கட்சிக்காரியே என் வழக்கைக் கெடுக்கிறாளே என்று நினைத்தேன். நான் எவ்வளவு மடையன்!

தங்கவேலு கன்னியம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மீசை துடித்தது.

"மெய்யாலுமா சொல்றே, கன்னிம்மா?"

"கோர்ட்டுல பொய்யா சொல்லுவாங்க?" என்றாள் அவள்.

(சொல்லுவார்கள். அதற்குத்தானே அங்கே வருகிறார்கள்! ஆனால் அவள் நிஜமாகத்தான் சொன்னாள்.)

அவ்வளவுதான். தங்கவேலு பெரிய வக்கீலின் கையை உதறினார்.

"எசமான்! யாரு எனக்குத் தொழிலு இல்லன்னவன்? பாத்திரக்கடைக்காரரு வூட்டுக் கல்யாணத்துல வாசிச்சது யாரு? அடையாத்துப் பங்களாவுல வாசிச்சது யாரு? போன முகூர்த்தத்துல ஒரே நாளு மூணு எடம்! காலையில மந்தைவெளி, சாயங்காலம் மாம்பலம், ராத்திரி மயிலாப்பூரு! ஒதடு வீங்கிப் போச்சு!"

"உட்காருமய்யா!" என்று பெரிய வக்கீல் அலறினார்.

கூண்டிலிருந்து காதர் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "பாத்திரக்கடைக்காரரு வூட்டுக் கல்யாணமா? அது எனக்குப் பேசுன கல்யாணம்டா!"

"ஒன் வாசிப்பு வாணாம்னுட்டுத்தான் எனக்கு அறுவது ரூவா குடுத்து இட்டுக்கினு போனாங்க!"

"அறுவதா! எனக்கு நாப்பதுன்னுதானே சொன்னான், கஞ்சப்பய!"

"ஒனக்கு நாப்பதே சாஸ்தி!"

"வெடிச்ச கிளாரினெட்டு வச்சிக்கினு பேச்சப் பாரு!"

இந்த இடத்தில்தான் அது நடந்தது. தங்கவேலு பச்சைப் பையிலிருந்து கிளாரினெட்டை உருவினார். "வெடிச்ச கிளாரினெட்டா? கேளுடா!" என்று சொல்லி, வயிறு நிறைய மூச்சை இழுத்தார்.

கிழிந்த சட்டைக்கு அந்த மூச்சு தாங்கவில்லை. 'டர்ர்ர்' என்று மார்பிலிருந்து இடுப்புவரை பிளந்தது. உள்ளே — சிவப்புக் கோட்டு! இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள் பளபளவென்று! அன்று சாயங்காலம் மாம்பலத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. கோர்ட்டிலிருந்து நேரே போக வசதியாக, உடுப்பை உள்ளே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். பசி வேர்வையின் ரகசியம் இதுதான்.

அப்புறம் வாசித்தார்.

ஐயா, நான் என்ன சொல்ல? அந்த வெடிப்புக்குள்ளிருந்து அப்படி ஒரு நாதம் எப்படி வந்தது? ஊர்வலத்தில் வாசிக்கிற தடபுடல் மெட்டு இல்லை. தாழ்ந்த குரலில், குழைந்து குழைந்து... வாசலில் சோடா விற்கிறவன் ஜன்னலில் முகத்தைப் பதித்தான். பக்கத்துக் கோர்ட்டில் கைவிலங்கோடு நின்ற ஒரு கேடி, அவனைப் பிடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். ராணி தாயின் இடுப்பிலிருந்து நழுவி, நேரே போய்த் தகப்பனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாஜிஸ்திரேட் தடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தடுக்கத்தான் கையைத் தூக்கினார். நான் பார்த்தேன். ஆனால் தூக்கிய கை மேசைமேல் இறங்கும்போது தாளத்தில் இறங்கியது.

வாசிப்பு முடிந்தது.  மாஜிஸ்திரேட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல், "இது என்ன ராகம்?" என்றார்.

"செஞ்சுருட்டி, யுவர் ஆனர்! என்ன பிடி! என்ன பிடி!" என்றார் பெரிய வக்கீல், கண்ணில் நீரோடு. சொல்லிய பிறகுதான் தாம் எந்தப் பக்கத்து வக்கீல் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. மெதுவாக உட்கார்ந்து, தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் மாஜிஸ்திரேட் தாமே விசாரித்தார். கோர்ட்டை அவமதித்ததற்காக ஐந்து நிமிஷம் திட்டினார். திட்டு முடிந்ததும் பேனாவை எடுத்தார். தங்கவேலு மாஸ்டருக்கு இப்போது எதையும் மறைக்கும் உத்தேசமே இல்லை. கேட்டதற்கெல்லாம் மார்பை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார். சில இடங்களில் கூட்டியே சொன்னார். அவற்றைக் காதர் மாஸ்டர் கூண்டிலிருந்தபடியே குறைத்தார். இப்படி ஒரு போட்டிக்காரனை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால், கணக்கு எவ்வளவு நேராக வருகிறது என்கிறீர்கள்!

கல்யாண மாதங்களில் எத்தனை இடம்? மேளக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் பங்கு எவ்வளவு? உடுப்புச் சலவை, வாத்தியம் பழுது பார்க்க எவ்வளவு? ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வது?

"ஆடியில மெய்யாலுமே ஈதாங்க ஓட்டுவேன்" என்றார் தங்கவேலு. அதைக் காதர் மாஸ்டரும் ஒப்புக்கொண்டார். "ஆடியில நானும் ஈதான் சார்."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு, அந்த வழக்கிலேயே மிக நீளமாகப் பேசினார்.

"கல்யாண மாதத்து வருமானத்தை மட்டும் பார்த்தால் தகப்பனுக்கு அநியாயம். ஆடி மாதத்தை மட்டும் பார்த்தால் குழந்தைக்கு அநியாயம். வருஷம் முழுவதையும் கூட்டி, செலவைக் கழித்து, மாதத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கவேண்டும். ஏனென்றால் குழந்தைக்கு ஆடியிலும் பசிக்கும்."

எத்தனையோ தடித்தடிப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு புத்தகமும் சொன்னதில்லை.

மாதம் இருபது ரூபாய் என்று உத்தரவாயிற்று.

தங்கவேலு, "அவ்ளோதானா?" என்றார். அவருடைய வக்கீல் அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

வாசலில் சோடாக் கடை ஓரமாக இருவரும் நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை. ஆனால் காதை மூடிக்கொள்ளவும் இல்லை.

"ஒனக்கு என் வாசிப்பு புடிக்கலன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றார் அவர்.

"வாசிப்பு நல்லாத்தான் கீது. புள்ள தூங்கறப்ப வாணாம்னேன். இது ரெண்டும் ஒண்ணாய்யா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். ஒரு வருஷமாக யோசித்திருக்கவேண்டிய விஷயம் இது. பிறகு குனிந்து ராணியின் ஒட்டிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏன் இப்படி எளைச்சுப் போச்சு? சொரம் வந்துச்சா? எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா? தண்ணி குடிச்சு உசுரோட கீறேன்னுவே."

அவர் சிவப்புக் கோட்டின் உள்பையைத் துழாவி, சாயங்காலக் கல்யாணத்துக்கு வாங்கிய அட்வான்ஸை எடுத்து, எண்ணாமல் அப்படியே அவள் கையில் வைத்தார். அப்புறம் சோடா உடைக்கச் சொல்லி, குழந்தைக்குப் புகட்டினார். சோடா மூக்கில் ஏறி அது தும்மியது. அதற்கு மூன்று பேரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை கன்னியம்மா என் ஆபீஸுக்கு வந்தாள். மாஸ்டர் கடை டிரம்மை விட்டு வீட்டுப் பாய்க்குத் திரும்பிவிட்டாராம். விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போய்ச் சாதகம் செய்கிறாராம். அங்கே துணி வெளுக்கிறவர்கள், இந்த ஆள் ஊத ஆரம்பித்தால் கழுதை நகரமாட்டேன் என்கிறது என்று புகார் சொல்கிறார்களாம்.

"அப்படியானால் உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மனு போடட்டுமா?" என்று கேட்டேன்.

கன்னியம்மா என்னைப் பார்த்து, இந்த ஆளை நம்பியா வழக்கைக் கொடுத்தேன் என்பதுபோல் சிரித்தாள்.

"வாணாம் சாமி. அது பாட்டுக்கு அங்கயே நிக்கட்டும். ஆளு நல்ல ஆளுதான். ஆனா ஆடி வருதுல்ல?"

அவள் போன கையோடு காதர் மாஸ்டர் வந்து சேர்ந்தார். சாட்சி சொல்ல வந்துபோன செலவுக்குப் படிப்பணம் யார் தருவார்கள் என்று கேட்டார். எதிர்க்கட்சி சாட்சிக்கு நான் எப்படித் தருவேன்? சமாதானம் சொல்லி அனுப்பினேன். வாசற்படியில் நின்று திரும்பிச் சொன்னார்: "இன்னும் எவன் மேலயாவது கேஸு இருந்தா சொல்லியனுப்புங்க சார். நா வந்து அவன் தொழில்ல என்னென்ன கொறன்னு புட்டுப்புட்டு வக்கிறேன். துட்டுக்கூட வாணாம்."

யோசித்துப் பாருங்கள். சொந்தத் தொழில்காரனிடம் உனக்கு என்ன வருகிறது என்று கேட்டால் அழுவான். உனக்கு வேலை தெரியாது என்று சொல்லுங்கள் — கடைசிப் பைசாவரை அவனே சொல்லிவிடுவான்!

காதர் மாஸ்டர் ஒருவரை மட்டும் வரி இலாகாவில் வேலைக்கு வைத்துக்கொண்டால் போதும், சர்க்கார் யுத்தக் கடனையே அடைத்துவிடலாம்.